தன்முன்னேற்ற நூல்களும் தன்வரலாறுகளும்

வாசகர் தம் குணத்தையும் பழக்கங்களையும் செயல்திறனையும் மேம்படுத்திக்கொள்ள வழி சொல்லும் உரைநடை நூல் தன்முன்னேற்ற நூல் எனப்படும். ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதும் தன்வரலாற்றுக்கு அப்படி ஒரு நோக்கம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் ஊக்கம் தேடும் வாசகர்கள் இரண்டையும் ஒரே பசியோடுதான் படிக்கிறார்கள். தமிழில் இவ்விரு வகைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை. ஒரே மனிதர் சிறையில் இருந்தபடி இரண்டிலும் கைவைத்ததும் உண்டு.

இவ்வகை நூல்களுக்குப் பெயர் தந்தது ஸ்காட்லாந்துக்காரரான சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய ‘செல்ஃப் ஹெல்ப்’ (1859). இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மாலை நேரத்தில் தாங்களாகவே கூடிப் படித்துவந்த தொழிலாளர்களுக்கு அவர் ஆற்றிய உரைகளிலிருந்து அது உருவானது. பொறியாளர்கள், குயவர்கள், கண்டுபிடிப்பாளர்கள் ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்புகளே அதில் பெரும்பகுதி. அதாவது, இத்துறை அறிவுரையாகத் தொடங்கவில்லை. வாழ்க்கை வரலாறுகளின் தொகுப்பாகத்தான் தொடங்கியது. அடுத்த தலைமுறையில் ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஆலன் (1864–1912) மனிதர்களின் கதைகளை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். எண்ணமே குணத்தையும் சூழ்நிலையையும் உருவாக்குகிறது என்று வாதிடும் அவருடைய ‘ஆஸ் எ மேன் திங்கெத்’ 1903-ல் வந்த மிகச் சிறிய நூல்.

அந்தச் சிறு நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. சுதேசிக் கப்பல் கம்பெனியை நடத்தியவர். 1908-ல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு, கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் இருந்து 1912 இறுதியில் விடுதலையானவர். ‘மனம் போல வாழ்வு’ என்ற தலைப்பில் அவர் மொழிபெயர்ப்பு 1909-ல் வெளிவந்தபோது அவர் சிறையில் இருந்தார். ‘அகமே புறம்’ (1914), ‘வலிமைக்கு மார்க்கம்’ (1916), ‘சாந்திக்கு மார்க்கம்’ (1934) ஆகியவையும் ஆலன் நூல்களின் தமிழாக்கங்களே. குறளின் வழியில் அவர் எழுதிய ‘மெய்யறம்’ என்ற நீதி நூலும் இந்தச் சிறைக்காலத்தின் விளைவு.

பரலி சு. நெல்லையப்பரின் வேண்டுகோளுக்கு இணங்கி அகவற்பாவில் எழுதத் தொடங்கிய ‘சுயசரிதை’, வ.உ.சி. மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1946-ல்தான் நூலானது. ஆலன் மொழிபெயர்ப்புகளை இதனோடு சேர்த்துப் படிப்பது நல்லது. ஒன்றில் மனம் திருந்தினால் சூழ்நிலை திருந்தும் என்கிறார். மற்றொன்றில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றிக் கைத்தோல் உரிந்ததையும், பிறகு செக்கிழுக்க விட்டதையும், சிறை அதிகாரிகளோடு தம் உரிமைக்காக மல்லுக்கு நின்றதையும் சொல்கிறார். மனத்தை அடக்கினால் போதும் என்று அவர் வாளாவிருந்துவிடவில்லை என்பது இங்கே தெளிவாகிறது. ஆலனின் கருத்து அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். அதுவே அவருடைய முழு வாழ்க்கை அல்ல. தன்முன்னேற்ற நூல்களின் பொதுவான குறையும் இதுதான். பிரிட்டிஷ் அரசு கம்பெனியை நசுக்கியதற்கும், விடுதலைக்குப் பின் வந்த வறுமைக்கும் மனிதனின் எண்ணத்தில் காரணம் தேட முடியாது.

தொண்டியில் பிறந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் ‘வாழ்க்கையில் வெற்றி’, ‘முன்னேறுவது எப்படி’, ‘கவலைப்படாதே’ முதலிய நூல்களால் இவ்வகையை நேரடித் தமிழ் எழுத்தாக நிலைநிறுத்தினார். பெரியோர் வாழ்க்கைச் சம்பவங்களைப் பக்கத்துக்குப் பக்கம் அடுக்குவது அவர் பாணி. அமெரிக்காவில் பேராசிரியராகவும் தொழில்முனைவோராகவும் இருந்து திரும்பிய எம்.எஸ். உதயமூர்த்தி (1928–2013) ‘எண்ணங்கள்’ எழுதியதோடு நிற்காமல் 1988-ல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு வந்த கே. பாலசந்தரின் ‘உன்னால் முடியும் தம்பி’ படத்தின் கதாநாயகனுக்கு உதயமூர்த்தி என்றே பெயர். ஒரு தன்முன்னேற்ற எழுத்தாளருக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத மரியாதை! இன்று சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பங்கு ஆங்கில நூல்களின் மொழிபெயர்ப்பே.

தன்வரலாறுகளில் ஊக்கத்துக்காக மிகப் பரவலாகப் படிக்கப்படுவது ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’. அருண் திவாரியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய மூலநூல் 1999-ல் வந்தது. விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேருக்கு இடமிருக்க, தாம் ஒன்பதாவதாக வந்து டேராடூனிலிருந்து ரிஷிகேஷுக்குப் போனதை அதில் கலாம் சொல்கிறார். 1979-ல் எஸ்.எல்.வி-3 ஏவுகலம் வங்கக்கடலில் விழுந்த தோல்விக்கும் அதில் தாராளமாக இடம் உண்டு.

அறிவுரை சொல்லாமலே வாசகரை வளர்க்கும் நூலுக்குச் சிறந்த சான்று உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது. 1942-ல் அவர் காலமானதால் முற்றுப்பெறவில்லை. 1880-ல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த நிகழ்ச்சி அதில் முக்கியமானது. என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று இருபத்தைந்து வயதுக் கல்லூரி ஆசிரியர் பட்டியல் போடுகிறார். கேட்டவர் அசையவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். ஐயர் அவற்றைக் கண்ணால் கண்டதுகூட இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு சிந்தாமணி அச்சில் வர ஏழு ஆண்டுகள் பிடித்தன (1887). இடையில் சமண நண்பர்களிடம் பாடம் கேட்டதும் ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததும் விரிவாக வருகின்றன.

‘ஏழே நாளில் வெற்றி’ என்பது போன்ற தலைப்புகள் மறைப்பது இந்த ஏழு ஆண்டுகளைத்தான். தன்முன்னேற்ற நூல் ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைக்கப் பயன்படும்; எவ்வளவு காலம் பிடிக்கும், யார் உதவினார்கள், எது கைகூடாமல் போனது என்பதையெல்லாம் நல்ல தன்வரலாறு மட்டுமே சொல்லும். தன்வரலாற்றிலும் எழுதுபவர் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துத்தான் சொல்வார் என்பதால், அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. படிக்கத் தொடங்குபவர்கள் ‘என் சரித்திர’த்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அதைக் காசில்லாமல் படிக்க முடியும்.