எஸ்பிரஸோவும் எந்திரக்கல்லும்

எஸ்பிரஸோ காப்பியின் வரலாற்றை எழுத முற்பட்டவர்கள் பெரும்பாலும் கொதிகலனின் வரலாற்றையே எழுதி முடித்திருக்கிறார்கள். நீராவியால் காப்பி வடிக்கும் இயந்திரத்துக்கு 1884இல் டூரின் நகரில் காப்புரிமை பெற்ற ஆஞ்சலோ மொரியோண்டோ. கோப்பைக்குக் கோப்பை தனித்தனியே வடிக்கும் முறைக்கு 1901இல் காப்புரிமை கோரிய மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸேரா. அவ்வுரிமையை வாங்கி 1905 முதல் இயந்திரங்களைச் செய்து விற்ற தெஸிதேரியோ பவோனி. நீராவியை விலக்கி அழுத்தத்தால் வடிக்க 1938இல் வழி கண்டு, போருக்குப் பின் 1948இல் நெம்புகோல் இயந்திரங்களுக்கென நிறுவனம் தொடங்கிய அக்கிலே காஜ்ஜியா. 1961இல் மின்விசைக் குழாயைப் புகுத்திய ஃபயேமா நிறுவனத்தின் எர்னெஸ்டோ வலேன்டே. பெயர்களும் ஆண்டுகளும் இப்படி ஒழுங்காக வந்து நிற்கின்றன. இவர்களுடைய இயந்திரங்களுக்குள் இடப்பட்ட தூளை அரைத்தது எது என்று கேட்டுத் தேடினால் மட்டும் பக்கங்கள் சட்டென்று மெலிந்துவிடுகின்றன.

இந்தப் புறக்கணிப்புக்கு நடைமுறை விளைவு ஒன்றும் உண்டு. வீட்டிலேயே எஸ்பிரஸோ வடிக்க விரும்புகிறவர், ஒதுக்கிவைத்த தொகையில் பெரும்பங்கைப் பளபளக்கும் வடிப்பானுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய சில்லறையில் அரைக்கும் கருவியை வாங்குகிறார். சில சமயம் அதையும் வாங்காமல் அரைத்த தூள் பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்கிறார். பிறகு ஒரு நாள் புளிப்பு, மறுநாள் கசப்பு. பழி வடிப்பான்மேல் விழுகிறது. நல்ல அரவைக் கருவி வாங்கினால் வீட்டு எஸ்பிரஸோ மேம்படுமா என்பது இன்று பலரும் கேட்கும் கேள்வி. மேம்படும் என்பதே என் விடை. ஏன் என்பதையும், எந்த எல்லைவரை என்பதையும் அந்த மெலிந்த பக்கங்களில்தான் தேட வேண்டும்.

தமிழ் படித்தவன் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். இத்தாலிய மொழியில் திருகைக் கல்லுக்கு ‘மாச்சினா’ என்று பெயர். அரைப்பதற்கு ‘மாச்சினாரே’. இயந்திரத்துக்கு ‘மாக்கினா’. மூன்றும் இலத்தீனத்தின் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. மக்கள் வழக்கில் உருண்டு தேய்ந்த வடிவம் கல்லுக்குப் போயிற்று. கற்றோர் மீண்டும் எடுத்துக்கொண்ட வடிவம் பொறிக்குப் போயிற்று. நன்னூல் நமக்குக் கற்பித்த தற்பவம், தற்சமம் என்ற பாகுபாட்டை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்கலாம். வடமொழியின் ‘யந்திரம்’ தமிழில் ‘எந்திரம்’ ஆனபோது ஐங்குறுநூற்றில் அது கரும்பு பிழியும் ஆலையைக் குறித்தது. பிற்கால வீட்டு வழக்கில் எந்திரக்கல் என்றாலும் ஏந்திரம் என்றாலும் அது திருகையே. பண்டைய மனிதனுக்கு இயந்திரம் என்று சொல்லத்தக்கதாய் வீட்டுக்குள் இருந்தது அரைக்கும் கல் ஒன்றுதான் போலும். எஸ்பிரஸோவின் வரலாறு எழுதப்பட்ட காலத்திலோ ‘இயந்திரம்’ என்ற பெயரை வடிப்பான் தனதாக்கிக்கொண்டது. அரைப்பது அதன் பக்கத்துணை ஆயிற்று.

காப்பியை இடிப்பதா, அரைப்பதா என்ற வழக்கு எஸ்பிரஸோவுக்கு மிக முந்தியது. துருக்கியரிடம் இரு வழக்கமும் இருந்தன: உரலில் இட்டு இடிப்பது, உருளை வடிவான பித்தளைக் கைக்கருவியில் திரித்து அரைப்பது. இவ்வழக்கை விசாரித்தவர் தொழிலாலும் ஒரு நீதிபதி. 1825இன் இறுதியில் வெளிவந்த, சுவையின் உடலியல் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில், பிரெஞ்சுக்காரரான பிரியா-சவாரேன் தாம் செய்த சோதனையை விவரிக்கிறார். நல்ல மோக்கா கொட்டையை வறுத்து இரு சமபங்காக்கி, ஒன்றை அரைத்தும் மற்றதைத் துருக்கியர் முறையில் இடித்தும், இரண்டிலும் சம எடைக்குச் சம அளவு கொதிநீர் ஊற்றி வடித்து, தாமும் சுவைத்து, சுவையறிந்த பெரியவர்களுக்கும் கொடுத்தார். இடித்ததே மேல் என்பது ஒருமித்த தீர்ப்பு. மற்றவை யாவற்றையும் சமமாக வைத்துப் பொடித்த முறையை மட்டும் மாற்றிப் பார்த்த இந்தச் சோதனையின் ஒழுங்கு இன்றைக்கும் மெச்சத்தக்கது. ஆனால் உரலுக்கு வெற்றி தேடித் தந்தது இடித்தல் என்ற செயலா, அதனால் விளைந்த தூளின் நயமா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் ஒப்பிட்டது இரண்டு தூள்களை. தீர்ப்பு எழுதியதோ இரண்டு கருவிகளுக்கு. இன்றைய வாதங்கள் பலவற்றிலும் இதே குழப்பத்தைக் காண்கிறேன்.

அரவைக் கருவி வீட்டுப் பொருளாகப் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பிரான்சில் பெஜோ குடும்பத்தார் 1840 முதல் காப்பி அரவைக் கருவிகளைச் செய்தார்கள். கார் செய்யப் புறப்பட்டது அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான்! அக்கருவிகளின் மரப்பெட்டியும் மேலே சுழலும் கைப்பிடியும் ஐரோப்பிய அடுக்களைகளின் அடையாளமாயின. நம்மூரில் மேசை விளிம்பில் திருகிப் பொருத்திய இரும்பு மிஷினும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததே.

இனி எஸ்பிரஸோவுக்கு வருவோம். பெஸ்ஸேரா, பவோனி காலத்து இயந்திரங்களில் நீராவிதான் நீரைத் தள்ளியது. அதன் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு. அந்த மெல்லிய தள்ளலுக்குத் தூள் சற்றுப் பரும்படியாக இருந்தாலும் பாதகமில்லை. மிக நைசாக இருந்தால் நீர் இறங்காமல் போய்விடும். காஜ்ஜியாவின் நெம்புகோலும் சுருள்வில்லும் வந்தபின் அழுத்தம் எட்டு, ஒன்பது பாரை எட்டியது. கோப்பையின் மேல் பொன்னிற நுரையாடை படிந்தது அப்போதுதான். முதலில் கண்டவர்கள் அதை ஐயுற்றதால், காப்பியிலிருந்தே இயல்பாய் எழும் ஆடை அது என்று விளம்பரப்படுத்த வேண்டியிருந்தது. நுரையின் புகழ் முழுவதும் காஜ்ஜியாவுக்குப் போயிற்று. ஆனால் ஒன்பது பார் அழுத்தத்தைத் தூளின் மேல் நிறுத்த வேண்டுமானால் அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்க ஒன்று வேண்டும். எஸ்பிரஸோவில் எதிர்த்து நிற்பது காப்பித்தூளே. சில கிராம் தூளாலான அந்தச் சிறு வட்டு அணையாக இருந்து நீரைத் தடுத்து, இருபத்தைந்து வினாடி அளவில் கசியவிடுகிறது. அணையின் உறுதி அரவையில் இருக்கிறது. பருமனாக அரைத்தால் நீர் ஓடிவிடும், அழுத்தமே எழாது. நைசாக அரைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கருகிய கசப்பு வரும். அழுத்தத்தை உண்டாக்கும் பொறி பாதி, அரவை பாதி என்றே கணக்கிட வேண்டும். காஜ்ஜியா நிறுவனம் தொடங்கிய அதே 1948இல்தான் வெனிசுப் பகுதியில் மாஸர் நிறுவனமும் தொடங்கிற்று. பின்னாளில் உலகெங்கும் காப்பிக்கடை மேசைகளில் அதன் அரவை இயந்திரங்கள் நின்றன. அந்தப் பெயரை எத்தனை காப்பிப் பிரியர்கள் அறிவார்கள்?

நெம்புகோல் காலத்தில் ஒரு சலுகை இருந்தது. கோலை இழுக்கும் கை, தூளின் எதிர்ப்பை உணர்ந்து சற்றே சமாளித்துக்கொள்ளும். 1961இன் ஃபயேமா ஈ61 அந்தக் கையை விடுவித்தது (அவ்வாண்டு பிப்ரவரியில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தின் நினைவாக அப்பெயர்). மின்விசைக் குழாய் எப்போதும் ஒரே அழுத்தத்தைத் தந்தது. அழுத்தம் மாறாதபோது மாற்றத்தக்கதாய் எஞ்சியது அரவை ஒன்றே. இத்தாலியக் கடைக்காரர் காலையில் ஒருமுறை, ஈரக்காற்று அடித்தால் மறுமுறை என்று அரவையின் இடைவெளியை மயிரிழை அளவு திருகிக்கொண்டிருப்பது இதனால்தான். நல்ல எஸ்பிரஸோவுக்கு அவர்கள் சொல்லும் நான்கு ‘ம’க்களில், கொட்டைக் கலவைக்கு அடுத்ததாக அரவையும் அதன் பின் இயந்திரமும் இறுதியில் கையும் வருவதைக் கவனிக்கலாம். 1998இல் தொடங்கப்பட்ட இத்தாலிய தேசிய எஸ்பிரஸோ நிறுவனம் வகுத்த அளவுகளும் இவ்வகையே: 7 கிராம் தூள், 9 பார், 25 வினாடி, 25 மில்லிலிட்டர். முதலிரண்டையும் தராசும் பொறியும் தந்துவிடும். பின்னிரண்டும் பொருந்துவது அரவையின் கையில்.

வீட்டுக்குள் எஸ்பிரஸோ நுழைந்த கதை இன்னும் சுவையானது. அதை அரவையைத் தவிர்க்க எடுத்த முயற்சிகளின் கதை என்றே சொல்வேன். 1933இல் அல்ஃபோன்ஸோ பியலெட்டி கொணர்ந்த மோக்கா பாத்திரம் இத்தாலிய வீடுகளை வென்றது. அதன் அழுத்தம் குறைவு, கடையில் வாங்கிய தூளே அதற்குப் போதும். காஜ்ஜியா 1952இல் கில்டா என்ற வீட்டு நெம்புகோல் இயந்திரத்தை வெளியிட்டது. பின்னர் வந்த மலிவான வீட்டு இயந்திரங்களில் ஒரு தந்திரம் செய்தார்கள். வடிதட்டுக்கு இரட்டை அடி வைத்து, வெளியடியில் ஊசித்துளை ஒன்றை மட்டும் விட்டார்கள். எதிர்ப்பைத் தூளுக்குப் பதில் ஊசித்துளை தந்தது. எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வரும். எஸ்பிரஸோவின் அடர்த்தி வராது. 1986இல் விற்பனைக்கு வந்த நெஸ்பிரஸோ குப்பிகள் இத்திசையில் கடைசி எல்லை. அளந்து, அரைத்து, காற்றுப் புகாமல் மூடிய ஒவ்வொரு குப்பியும் வாடகைக்கு எடுத்த ஆலை அரவையே. ஒவ்வொரு கோப்பைக்கும் அந்த வாடகையைத் தனியே செலுத்துகிறோம்.

எஸ்பிரஸோ என்ற பெயர் தமிழ்நாட்டுக்கு வந்தபோது அரவை முற்றாகவே கழன்றுவிட்டது. 1980களிலும் 90களிலும் கல்யாண மண்டப வாசலில் உஸ்ஸென்று சீறிய ‘எஸ்பிரஸோ காபி’ இன்ஸ்டன்ட் தூளும் நீராவியால் நுரைத்த பாலும் சேர்ந்தது. அதற்கு அரவையும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். (சுவையைக் குறை சொல்லவில்லை, வரிசையில் நின்று இரண்டாம் முறை வாங்கியவர்களில் நானும் ஒருவன்.) நம் டிகாக்ஷனுக்கு அரவை முக்கியமில்லையா என்று கேட்கலாம். முக்கியந்தான். ஆயினும் பில்டரில் நீரை இறக்குவது புவியீர்ப்பு மட்டுமே. தூள் சற்று நைசாகிப்போனால் டிகாக்ஷன் இறங்கக் கால் மணி கூடும், அவ்வளவே. பால், சர்க்கரை, சிக்கரி மூன்றும் சேர்ந்து மிச்சக் குறையை மூடிவிடும். வறுத்து அரைத்துத் தரும் கடையை நம்பி நம் வீடுகள் கைமிஷினைப் பரணில் ஏற்ற முடிந்ததற்கு இந்தப் பொறுமையே காரணம். எஸ்பிரஸோவுக்கு அந்தப் பொறுமை இல்லை. கடையில் அரைத்துவந்த தூளின் பருமனை வீட்டில் திருத்த வழியில்லை என்பதோடு, அரைத்த தூள் சில நாளில் மணமும் இழந்துவிடுகிறது.

அப்படியானால் நல்ல கருவி என்ன தருகிறது? எந்தக் கருவியும் ஒரே அளவுத் துகள்களைத் தருவதில்லை. கொட்டை உடையும்போது பெருந்துகளோடு நுண்தூளும் சேர்ந்தே பிறக்கிறது. தகட்டுக் கத்தி சுழலும் மிக்ஸி வகை கொட்டையைக் கண்டபடி வெட்டுவதால் பாறையும் புழுதியும் கலந்த தூளைத் தருகிறது. எஸ்பிரஸோவுக்கு அது உதவாது. பல்வெட்டிய இரு எஃகுத் தட்டுகளுக்கோ கூம்புகளுக்கோ இடையில் அரைக்கும் கருவியில் இடைவெளிதான் அளவைத் தீர்மானிக்கிறது. தட்டு ஆடாமல், இடைவெளியை நுட்பமாக மாற்ற இடமளித்து, இன்று வைத்த அளவை நாளையும் தருமானால் அதுவே நல்ல கருவி. இம்மூன்றும் கைவரும்வரை செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் கோப்பையில் தெரியும். அதன்பின் கூடுதல் விலைக்குக் கிடைப்பது மேம்பாடு என்பதைவிட வேறுபாடு என்றே சொல்ல வேண்டும். 2013இல் மெல்போர்னில் நடந்த உலக பாரிஸ்டா போட்டியில் மாட் பெர்கர், ஹாம்பர்க் நகரத்து மால்கோனிக் நிறுவனத்தின் ஈகே43 என்ற கடை அரவை இயந்திரத்தை எஸ்பிரஸோவுக்குப் பயன்படுத்தினார். அதன்பின் அந்தப் பருத்த இயந்திரம் நாகரிகக் காப்பிக்கடைகளின் கொடிமரம் ஆயிற்று. அது தரும் தெளிந்த சுவையைக் கொண்டாடியவர்கள் உண்டு. பழைய இத்தாலியப் பாணியின் கனமும் கொழுமையும் போயிற்று என்று வருந்தியவர்களும் உண்டு. நுண்தூள் முழுவதையும் குற்றமென்று ஒதுக்க முடியாது. அணைக்கு மண் போல அதற்கும் அங்கே வேலை இருக்கிறது.

2020இல் ‘மேட்டர்’ என்ற ஆய்விதழில் வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் கணிதவியலாளர் ஜேமி ஃபாஸ்டரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு இந்த எல்லையை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டியது. நைசாக அரைக்க அரைக்கச் சாறு கூடிக்கொண்டே போகும் என்பது பொதுநம்பிக்கை. ஓரளவுக்கு மேல் நைசானால் தூள்வட்டின் சில பகுதிகள் அடைத்துக்கொண்டு, நீர் மற்ற வழியில் ஓடி, சாறு குறைவதையும் கோப்பைக்குக் கோப்பை சுவை மாறுவதையும் அவர்கள் கண்டார்கள். சற்றுப் பருமனாக அரைத்து, 20 கிராமுக்குப் பதில் 15 கிராம் தூளே போட்டால் போதும் என்பது அவர்கள் பரிந்துரை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கடை ஒன்றில் ஓராண்டு இதைச் செய்து பார்த்துச் செலவும் குறைந்தது. விலையுயர்ந்த கருவியை வாங்கச் சொல்லும் ஆய்வன்று இது. இருக்கும் கருவியின் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்லும் ஆய்வு. திருப்பினால் கேட்கும் கருவியாக அது இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கொட்டை பழையதாகவோ கரிந்ததாகவோ இருந்தால் எந்த அரவையும் அதைக் காப்பாற்றாது. அது வேறு வழக்கு.

மின்விசைக்குச் செலவிட மனமில்லாதவர்களுக்குக் கடந்த சில ஆண்டுகளாகக் கைக்கருவிகள் மீண்டும் வந்திருக்கின்றன. உள்ளே எஃகுக் கூம்பு, வெளியே உலோக உருளை, மேலே நீண்ட கைப்பிடி. துருக்கியரின் பித்தளைக் கருவியைப் படத்தில் பார்த்தவர்களுக்கு வடிவம் பழகியதாகவே இருக்கும். ஒரு கோப்பைக்கான தூளை எஸ்பிரஸோ பதத்துக்கு அரைக்க ஒரு நிமிடமோ சற்றுக் கூடுதலோ பிடிக்கும்; கொட்டை இளவறுப்பாக இருந்தால் தோள் கொஞ்சம் வலிக்கும்.