பத்தாலாவின் மர மதில்

கோட்டை என்றால் நம் பிள்ளைகளுக்குக் கல்லும் பீரங்கியும்தான். காலி, மன்னார், கற்பிட்டி எல்லாம் அப்படித்தானே. 1344இல் இப்னு பதூதா இலங்கையில் கண்ட ஆட்சிபீடத்துக்கோ மதிலும் மரம், கொத்தளமும் மரம். ‘பத்தாலா’ என்று அவர் குறிப்பிடும் அந்தச் சிறிய, அழகிய பட்டினம் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

மாலைதீவிலிருந்து மஃபருக்கு, அதாவது சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட கப்பலைக் காற்று இங்கே தள்ளிவிட்டது. மாலுமிகள் நடுங்கினார்கள். இது ஆரியச் சக்கரவர்த்தியின் எல்லை, அவன் கொடியவன், அவனுடைய கப்பல்கள் கொள்ளையடிப்பவை என்றார்கள். கடலும் பொங்கியது. தன்னை இறக்கிவிட்டால் மன்னனிடம் அபயம் பெற்றுத் தருவதாகச் சொல்லி இப்னு பதூதா கரையேறினார். தான் மஃபர் சுல்தானின் சகலன் என்றார். பொய்யில்லை, இருவரும் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் பெண்மக்களைக் கட்டியவர்கள்.

மன்னன் எழுந்து வரவேற்றுப் பக்கத்தில் இருத்தினான். அவனுக்குப் பாரசீகம் விளங்கும். பிற நாட்டு அரசர் கதைகளை ஆசையோடு கேட்டான். முத்துக்களைக் காட்டி, இதுபோல வேறெங்கும் உண்டா என்றான். இல்லையென்றதும் அவற்றையே கொடுத்துவிட்டான். பாவாத மலைக்குப் போகப் பல்லக்கு, வழித்துணைக்கு யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், இன்னும் பத்துப் பேர், சாமான் சுமக்க 15 பேர்! கரையிலே கறுவாக் கட்டைகள் குன்று குன்றாய்க் கிடந்தன. மஃபர், மலபார் ஆட்கள் அவற்றை விலையின்றி எடுத்துப்போய், மன்னனுக்குத் துணிமணி கொடுத்தார்கள். இப்படி ஆள் வந்துபோகும் துறைக்கு மர வேலி போதும்தானே.

தலைநகர் என்கிறாரே, நல்லூர் என்னாவது? முத்தும் கறுவாவும் சேரும் இடத்தில் மன்னன் தங்கியிருந்ததைக் கண்டு அப்படி எழுதியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு மலபார்க் கரையில் வேறு கொள்ளையர் அந்த மணிகளையெல்லாம் பறித்துக்கொண்டனர். பத்து வருடங்களுக்கும் மேலாகி, மொரோக்கோவில் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதியபோது, மர மதில் ஞாபகத்தில் இருந்தது.

1990இல் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்த பிள்ளை நான். ஒன்பது வயசு. வாப்பாவின் சாரத்தைப் பிடித்தபடி நின்றேன். முன்பின் தெரியாத ஓர் உம்மா கூட்டிப்போய்ச் சோறு தந்தார். அவர் முகம் மறந்துபோச்சு. வளவைச் சுற்றியிருந்த கிடுகு வேலி இன்னும் கண்ணில் நிற்கிறது.