மண்ணில் எழுந்த மனித உடல்

களிமண் பிள்ளையாரை வாங்கிவந்து பூசித்துப் பின்னர் நீரில் கரைப்பது நம் வழக்கம். ஆதலின் வங்க மக்கள் துர்க்கையை மண்ணால் அமைத்து ஆற்றில் விடுவது நமக்குப் புதுமையன்று. எனினும், அம் மண்ணுருவங்களில் மனித உடல் இடம்பெற்றதற்குத் தனி வரலாறு ஒன்று உண்டு. கொல்கத்தாவில் வாழும் நாம் அதனை அறிந்திருத்தல் நலம்.

குமார்துலி என்பதற்குக் குயவர் குடியிருப்பு என்பது பொருள். இங்குள்ள சிற்பிகள் பலருடைய முன்னோர் கிருஷ்ணநகரிலிருந்து வந்தோர். சியால்தாவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூர், 18ஆம் நூற்றாண்டில் மன்னர் கிருஷ்ணசந்திரர் காலத்தில் மண்ணுருவக் கலையில் சிறப்புற்றது. மூங்கிற் சட்டத்தில் வைக்கோலை இறுகக் கட்டினால் அதுவே எலும்பு. உமி கலந்த களிமண் தசை. அதன்மேல் பூசும் மென்மையான மண் தோல். தலையையும் விரல்களையும் தனியே செய்து பொருத்துவர். கண்ணை இறுதியில் எழுதுவர்.

பழைய துர்க்கை மனித உடலைப் போன்றவள் அல்லள். வெற்றிலை வடிவ முகமும், காதளவோடிய கண்களும் உடையவள். அவளுடைய சிங்கத்திற்கோ குதிரை முகம்!

ஆங்கிலேயர் ஆட்சியில் வேறொரு தேவை பிறந்தது. இந்நாட்டு மக்களின் சாதிகளையும் தொழில்களையும் மாதிரிகளாகக் காண அவர்கள் விரும்பினர். 1851ஆம் ஆண்டின் லண்டன் பெருங்கண்காட்சிக்கும் கிருஷ்ணநகர் உருவங்கள் சென்றன. உழைப்பாளியின் நரம்பும் சுருக்கமும் அப்படியே மண்ணில் வந்தன. ஆனால் சீட்டில் தொழில் இருந்தது, ஆள் இல்லை.

இந்த நுட்பத்தைத் தெய்வ உருவத்திற்குக் கொணர்ந்தோருள் தலையாயவர் கோபேஷ்வர் பால். 1924இல் லண்டன் வெம்பிளிக் கண்காட்சிக்குச் சென்று, பார்வையாளர் கண்முன்னே மண்ணில் உருவங்களை விரைந்து அமைத்துக் காட்டியவர், இத்தாலியிலும் பயின்றவர். 1930களில், ஒரே பின்தட்டியின்கீழ் நெருங்கி நின்ற உருவங்களை அவர் தனித்தனியே பிரித்து நிறுத்தினார். தேவிக்கு மானிடப் பெண்ணின் உடலமைப்பு வந்தது. அசுரனின் தசைகள் முறுக்கேறின.

அவ்வுடல் மேலும் மாறியது. தந்தையார் மறைந்தபின் 1994இல் பட்டறையை ஏற்ற சாயனா பால் என்னும் பெண் சிற்பி, ஆண்களே மிகுந்திருந்த குமார்துலியில் நிலைபெற்றார். 2015இல் திருநங்கையர் நடத்திய பூசைக்காக அர்த்தநாரீசுவர வடிவில் துர்க்கையைச் செய்தளித்தவர் அவரே. யாருடைய உடலைக் காணச் சமூகம் கூசியதோ, அவ்வுடலும் மண்ணில் தெய்வமாயிற்று. இதனை நாம் பெரிய செய்தியாகக் கருதுகிறோம்.

2021இல் கொல்கத்தாவின் துர்க்கா பூசை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பெருமைதான். ஆயினும் பந்தல்களில் விளம்பரம் தந்த நிறுவனங்களின் பெயர்கள் ஓங்கி நிற்க, வைக்கோல் கட்டியவரும் மண் மிதித்தவரும் பெயரின்றியே போகின்றனர். ரயில்வேயில் பணிபுரியும் நாம், அனுப்புவோர் பெயரில்லாமல் ஒரு மூட்டைக்கும் ரசீது எழுதுவதில்லை. இத்துணைப் பெரிய படைப்புக்கு அம்முறை வேண்டாவோ?

வரும் சப்தமியன்று நம் குழந்தைகளைப் பந்தலுக்கு அழைத்துச் செல்லும்போது, "இதைச் செய்தவர் யார்?" என்று விழாக் குழுவினரிடம் கேட்போமாக. தசமிக்குப்பின் மண் ஆற்றில் கரைந்து வைக்கோற்கட்டு மட்டுமே மிதக்கும். செய்தவர் பெயராவது நம் நினைவில் தங்கட்டும்.