அதிபராகும் முன் ஒரு தவணைப் பயிற்சி
இலங்கை அதிபர் சேவையின் மூன்றாம் தரத்துக்கு ஆசிரியர்கள் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை மூலம் தெரிவாகின்றனர். சிங்கப்பூரிலோ, அதிபர் பதவிக்குத் தயாராகும் உப அதிபர்களுக்கு 2001 முதல் தேசிய கல்வி நிறுவகத்தில் ஆறு மாத முழுநேரப் பயிற்சி நடைபெறுகிறது. அக்காலத்தில் தமதல்லாத ஒரு பாடசாலையுடன் இணைந்து, அதன் அதிபரின் வழிகாட்டலில் புதிய செயற்றிட்டமொன்றை முன்னெடுக்கின்றனர்.

வன்னியில் கற்பித்தவன் என்ற வகையில், இத்தகைய உள்ளகப் பயிற்சி எமக்கே அதிகம் தேவை என்பேன். பெற்றோரின் ஆவணங்கள் இடப்பெயர்வில் தொலைந்ததால் பிறப்புப் பதிவில்லாத பிள்ளையை எப்படிச் சேர்ப்பது, தந்தை காணாமலாக்கப்பட்ட வீட்டிலிருந்து கூலிக்குப் போகும் மாணவனை எப்படி மீட்பது என்பவற்றை வினாத்தாள் கற்றுத்தராது. அனுபவமுள்ள அதிபரின் அருகிலிருந்தே பழகவேண்டும்.

நியமனத்துக்கு முன் ஒரு தவணையாவது இதற்கு ஒதுக்கலாம். ஆனால், பயிற்சிக்குச் செல்பவரின் வகுப்புக்குப் பதில் ஆசிரியரை முதலில் அனுப்பவேண்டும். இல்லையேல் நட்டம் பிள்ளைகளுக்கே.