லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகள்: கசிவுகளும் பழுதுகளும்

லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகள் 1948-இல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1985 வரை இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் தயாரானவை. எளிய அமைப்பும், சாதாரணக் கருவிகளால் பழுது பார்க்கும் வசதியும் இவற்றுக்கு நீண்ட ஆயுளைத் தந்தன. எண்ணெய்க் கசிவு இவற்றின் இயல்பு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. ஒவ்வொரு கசிவுக்கும் ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டறியாமல் ஆயில் சீலை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் கசிவு திரும்பிவிடும்.

கசிவைக் கண்டறிதல்

ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். எனவே சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. அடிப்பகுதி முழுவதையும் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டியபின் முன்புறத்திலும் மேற்புறத்திலும் முதலில் ஈரமான இடத்தைப் பார்க்க வேண்டும். நிறமும் மணமும் துணைசெய்யும். பயன்பட்ட என்ஜின் ஆயில் கறுத்திருக்கும். கியர் ஆயிலில் கந்தக வாடை வீசும்.

ஃபிளைவீல் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து கறுப்பு எண்ணெய் சொட்டினால் கிராங்க் ஷாஃப்டின் பின்புற சீலையும், கந்தக வாடையுள்ள எண்ணெய் சொட்டினால் கியர் பாக்ஸின் முன்புற சீலையும் சோதிக்க வேண்டும். ஆழமான நீரைக் கடக்குமுன் இத்துளையைத் திருகு மூடியால் அடைப்பார்கள். கடந்ததும் மூடியைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் கசியும் எண்ணெய் கூட்டுக்குள் தேங்கி, கிளட்ச் தகட்டை நனைத்துவிடும்.

அச்சும் சக்கரங்களும்

முன் சக்கரங்களைத் திருப்ப உதவும் குரோம் பூசிய கோளக் கூடு அதிகம் கசியும் இடமாகும். சேறும் ஈரமும் குரோமை அரித்துக் குழிகளை உண்டாக்கும். விரல் நகத்தை அதன்மேல் மெல்ல ஓட்டினால் நகம் குழிகளில் தட்டும். அத்தகைய கோளத்தில் புதிய சீல் பொருத்தினாலும், குழிகளின் விளிம்புகள் ரப்பரை அறுத்துவிடும். கோளத்தையே மாற்றுவது முறை. கோளம் வழவழப்பாக இருந்தும் கசிந்தால், திருப்பு ஊசிகளின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். ஊசி தேய்ந்தால் கூடு மையம் விலகி, சீல் ஒருபக்கம் மட்டும் அழுந்தும்.

அச்சின் மேலுள்ள மூச்சுத் துளை அடைபடுவதும் முக்கியக் காரணம். ஓடும்போது உள்ளே காற்று சூடேறி விரிகிறது. வெளியேற வழியில்லாததால் எண்ணெயைச் சீல்கள் வழியே தள்ளுகிறது. சூடான அச்சு குளிர்ந்த ஓடை நீரில் இறங்கும்போது இதற்கு எதிரானது நிகழ்ந்து, சீல் வழியே நீர் உள்ளே உறிஞ்சப்படும். எண்ணெய் பால் நிறமாக மாறுவது அதற்கு அடையாளம். சீலை வாங்குமுன் துளையைச் சுத்தம் செய்வதே முதல் வேலை.

சக்கர ஹப்பின் சீல் கெட்டால் எண்ணெய் பிரேக் ஷூக்களை நனைக்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும். எண்ணெய் ஊறிய லைனிங்கைத் துடைத்துப் பயன்படுத்துவது ஆபத்து; ஒரே அச்சின் இரு பக்கங்களிலும் புதியது போட வேண்டும்.

கியர் பாக்ஸும் கை பிரேக்கும்

இவ்வண்டிகளில் கை பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால் உள்ளது. அங்குள்ள சீல் கசிந்தால் கை பிரேக் பிடிக்காது. சீல் உரசும் ஃபிளாஞ்சில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கியர் பாக்ஸில் எண்ணெய் குறைந்து, டிரான்ஸ்ஃபர் பாக்ஸில் அளவுக்கு மேல் இருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள சீல் பழுதாகியுள்ளது. இக்கசிவு தரையில் சொட்டாது. ஆகவே இரண்டின் அளவையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

உடலும் மின்சாரமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் உடற்பகுதிக்கு அலுமினியக் கலவை பயன்பட்டது. சேஸியும் ஓட்டுநருக்கு முன்னுள்ள தடுப்புச் சுவரும் எஃகு. இரு உலோகங்களும் ஈரத்தில் தொடும் இடத்தில் மின்வேதி அரிமானம் ஏற்படும். பெட்டி வடிவச் சேஸிக்குள் சேறு தங்குவதால் துரு உள்ளிருந்து தொடங்கும். மேலே பூசிய பெயின்ட் அதை மறைத்துவிடும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல எஃகு கணீரென ஒலிக்கும், துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும். முன் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் திறப்பு மூடிகளின் ரப்பர் இறுகிப்போனால் மழைநீர் கால் வைக்கும் தளத்தில் தேங்கி, அங்கும் துருவை வளர்க்கும்.

விளக்குகள் மங்குவதற்குப் பெரும்பாலும் எர்த் இணைப்பில் படிந்த அழுக்கும் துருவுமே காரணம். இணைப்பைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்க வேண்டும். 1960-களின் பிற்பகுதிக்கு முந்தைய பல வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே எர்த் ஆகும். இதைப் பார்க்காமல் புதிய மின்கருவி பொருத்தினால் அது எரிந்துபோகும்.

பராமரிப்பு

டார்ஜிலிங் மாவட்டத்தின் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு இவ்வகைப் பழைய வண்டிகள் பல பதிற்றாண்டுகளாகப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. பலவற்றில் என்ஜினே மாற்றப்பட்டுள்ளது. இத்தகைய பழைய வண்டிகள் தொடர்ந்து ஓட அன்றாடக் கவனிப்பு தேவை. வண்டி நிற்குமிடத்தில் இரவில் ஓர் அட்டையை விரித்து வைத்து, காலையில் கறையின் இடத்தையும் நிறத்தையும் குறித்துவந்தால், பெரும்பாலான வெளிக் கசிவுகள் பெரும்பழுதாகுமுன் தெரிந்துவிடும்.