தன்வயமற்ற செயல் (குற்றவியல் சட்டம்)

தன்வயமற்ற செயல் என்பது உடல் இயங்கியும், அவ்வியக்கம் மனத்தின் ஆளுகைக்கு உட்படாத நிலையில் நிகழும் செயலைக் குறிக்கும் குற்றவியல் சட்டக் கருத்துரு ஆகும். உறக்கத்தில் நடத்தல், வலிப்பு, இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்தல், புறவிசையால் தள்ளப்படுதல் ஆகியன இதற்குக் காட்டப்படும் சூழல்களாகும்.

குற்றாலம் பேரருவியில் குளிப்பவரைத் திடீரெனப் பெருகிய நீர் தள்ள, அவர் மோதியதால் அருகில் நின்றவர் பாறையில் விழுந்து காயமுற்றார் எனக் கொள்வோம். மோதிய உடல் அவருடையது, செயல் அவருடையதன்று. சாரல் காலத்தில் தாமே விரும்பி மது அருந்தி, அதே அருவிக்கரையில் ஒருவரை அடித்துவிட்டு, மறுநாள் "எதுவும் நினைவில்லை" என்பவரின் நிலை வேறு. பின்னர் நினைவின்மை, அப்போது தன்வயம் இல்லாமைக்குச் சான்றாகாது. வலிப்பு நோயுள்ளவர் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டுத் தென்காசி–செங்கோட்டை சாலையில் வண்டி ஓட்டி விபத்து ஏற்படுத்தினாலும், வண்டியை எடுத்ததே கவனக்குறைவு எனக் கருதப்படலாம்.

== இந்தியச் சட்டத்தில் ==

இந்திய தண்டனைச் சட்டத்தில் (1860) இதற்கெனத் தனிப் பிரிவு இல்லை. 2024 சூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. ஆகவே உறக்கநடை, சித்த சுவாதீனமின்மை பற்றிய பழைய 84-ஆம் பிரிவின் (இன்று 22) கீழேயே பெரும்பாலும் வாதிடப்படுகிறது.

1959-இல் சட்ட அறிக்கைகளில் வெளியான சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்று இங்கு குறிப்பிடத்தக்கது. குழந்தை பெற்றுச் சில நாட்களே ஆன பெண் ஒருவர் இரவில் அக்குழந்தையுடன் கிணற்றில் குதித்தார். அவர் மீட்கப்பட்டார், குழந்தை இறந்தது. கொலை, தற்கொலை முயற்சி ஆகிய குற்றச்சாட்டுகளுக்கு எதிராக உறக்கநடை வாதம் எழுப்பப்பட்டது. போதிய சான்று இல்லையென நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இத்தகைய வழக்கில் இன்று மகப்பேற்றுக்குப் பிந்தைய உளநோய் பற்றிய மருத்துவச் சான்றும் தேடப்படக்கூடும்.

வாதம் ஏற்கப்பட்டாலும் உடனே வீடு திரும்ப இயலாது. சித்த சுவாதீனமின்மையால் விடுவிக்கப்படுபவரைப் பாதுகாப்பான காவலில் வைக்கவோ, உறவினரிடம் ஒப்படைக்கவோ நீதிமன்றம் ஆணையிடலாம். ஒருமுறை உறக்கத்தில் நடந்தவருக்கு இது பொருந்தாச் சட்டை என்றே கூறவேண்டும்.

விலக்கை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. எனினும் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கத் தேவையில்லை. நிகழ்ந்திருக்கும் வாய்ப்பே மிகுதி எனக் காட்டினால் போதும். அவ்வளவு காட்ட இயலாவிடினும், அவர் தரும் சான்று குற்ற மனம் குறித்து நியாயமான ஐயத்தை எழுப்பினால் விடுதலை பெறலாம் என 1964-இல் குசராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

== பிற நாடுகளில் ==

இங்கிலாந்தில் காரணம் உடலுக்கு உள்ளே உள்ளதா, வெளியே உள்ளதா என்பது முடிவைத் தீர்மானிக்கிறது. இன்சுலின் ஊசியால் சர்க்கரை தாழ்ந்தால் காரணம் புறத்தது (1973). இன்சுலின் எடுக்காமல் சர்க்கரை ஏறினால் காரணம் அகத்தது, எனவே சட்டத்தின் கண்ணில் சித்த சுவாதீனமின்மை (1989). நீரிழிவு நோயாளிகளுக்கு இது வியப்பளிக்கும். உறக்கநடையையும் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் இரண்டாம் வகையிலேயே சேர்த்தது. மாறாக, உறக்கத்திலேயே 23 கி.மீ. கார் ஓட்டிச் சென்று மாமியாரைக் கொன்றதாக வாதிட்டவரின் முழு விடுதலையைக் கனடா உச்ச நீதிமன்றம் 1992-இல் (பார்க்ஸ் வழக்கு) உறுதிசெய்தது.