கலிங்கியில் பிறக்கும் ஆறுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை புதுக்கோட்டை ஆறுகளுக்கு வாய்க்கவில்லை. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பி ஓடுபவை. ஐப்பசி, கார்த்திகையில் கரை தொட்டு ஓடும். பங்குனியில் மணல்தான் தெரியும். அப்படிப்பட்ட ஆறுகளை வைத்துக்கொண்டே இம்மண்ணில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்திருக்கிறது. அதற்குக் கைகொடுத்தவை கண்மாய்கள்.

இந்த ஆறுகளில் மூத்த பெயர் வெள்ளாற்றுக்கு. பரங்கிப்பேட்டையில் கடல் சேரும் வெள்ளாற்றிலிருந்து பிரித்தறிய, இதைத் தென்வெள்ளாறு என்பார்கள். திருச்சி மாவட்டத்து மருங்காபுரிப் பக்கக் குன்றுகளில் தோன்றி, புதுக்கோட்டை நகருக்குத் தெற்கே ஓடி, ஆவுடையார்கோயில் வட்டாரத்தைத் தொட்டு, மணமேல்குடிக்குத் தெற்கே பாக் நீரிணையில் கலக்கிறது. சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லையாகச் சொல்லப்பட்ட ஆறு இதுவே. புறநானூற்றில் பேசப்படும் ஒல்லையூர், இன்றைய பொன்னமராவதி வட்டத்து ஒலியமங்கலம் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பாண்டிய மன்னன் பூதப்பாண்டியனின் பெயருக்கு முன் ‘ஒல்லையூர் தந்த’ என்ற அடைமொழி நிற்பதே, இந்த எல்லை நிலத்துக்காக எவ்வளவு போட்டி இருந்தது என்பதைக் காட்டும்.

வெள்ளாற்றின் துணையாறான குண்டாறு அளவில் சிறியது. ஆனால் மாவட்டத்தின் நீரமைப்பைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. புதுக்கோட்டையை அடுத்த கவிநாடு கண்மாய் மாவட்டத்தின் பெரிய கண்மாய்களில் ஒன்று. அது நிரம்பினால் கலிங்கி எனப்படும் மிகைநீர்ப் போக்கி வழியே நீர் வெளியேறிக் குண்டாறாக ஓடி, பிறகு வெள்ளாற்றில் சேர்கிறது.

அக்னியாற்றின் கதையும் குளத்தூர்க் குளத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஆக, இங்கே கண்மாயும் ஆறும் தனித்தனி அல்ல. ஆற்றில் வரும் வெள்ளத்தை அணைக்கட்டு மறித்துக் கால்களில், அதாவது வாய்க்கால்களில், திருப்பும். கால் கண்மாயை நிரப்பும். ஒரு கண்மாயின் மிகைநீர் கீழ்க்கண்மாய்க்கு வரத்தாகும். கடைசிக் கலிங்கி தாண்டிய நீர் மறுபடி ஆற்றில் விழும். நீர் கொண்டுவரும் ஒரு வரத்து வாரி மேலே அடைபட்டால் கீழேயுள்ள ஊர்கள் வரிசையாகக் காயும்.

இந்த அமைப்பின் நுட்பத்தைக் காண நீர் திறந்துவிடும் மடையான ஒரு குமிழியின் அருகில் போய் நிற்க வேண்டும். கண்மாயின் நீர் நிற்கும் உள்வாயில் இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் நீரோடித் துளை; பக்கவாட்டில், தரையை ஒட்டிச் சேறோடித் துளைகள். மேல்துளையின் அடைப்பைத் தூக்கினால் நீர் சுழன்று இறங்கும். அந்த இழுப்பில் அடியிலுள்ள வண்டலும் சேர்ந்து கரைக்கு அடியிலுள்ள கல்வாய்க்கால் வழியே வயலுக்குப் போகும். பாசனமும் ஆகும், வண்டலும் குறையும், வயலுக்கு உரமும் சேரும். இத்தகைய தூண்களிலேயே கல்வெட்டுகள் உண்டு. 1929-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் கல்வெட்டுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. குளம் வெட்டியதும், மடை அமைத்ததும், அதற்கு நிலம் விட்டதும் அத்தொகுப்பில் சான்றுகளாக நிற்கின்றன.

கல்லில் எழுதிக் காத்த அந்த ஏற்பாடு இன்று தளர்ந்துகிடக்கிறது. பல கண்மாய்களின் உள்வாய் சீமைக்கருவேலங்காடாகிவிட்டது. வரத்து வாரிகள் பட்டா நிலம்போல உழப்படுகின்றன. ஆற்றில் மணல் போன இடங்களில் படுகை தாழ்ந்து, கால்களுக்கு நீர் ஏறுவதில்லை.

இந்த நிலையில்தான் காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக் கால்வாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 21 அன்று இம்மாவட்டத்துக் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அத்திட்டத்தின் குண்டாறு தென்மாவட்டத்து ஆறு. நம் குண்டாறு அன்று. காவிரியிலுள்ள மாயனூர்க் கதவணையிலிருந்து சுமார் 262 கிலோமீட்டர் நீளும் அக்கால்வாயின் முதற்பகுதி இதே தென்வெள்ளாறுவரை வருகிறது. காவிரி நீர் வந்தாலும் அதைத் தேக்கப்போவது இந்தக் கண்மாய்களே. எனவே கால்வாய் வந்து சேருமுன் ஒவ்வொரு ஊராட்சியும் தன் வரத்து வாரியை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, கலிங்கியையும் மடையையும் செப்பனிட்டு வைக்க வேண்டும். அடுத்த ஐப்பசிக்கு முன்பே இப்பணியைத் தொடங்க ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் முன்வர வேண்டுகிறோம்.